சாப்பாட்டுத் தூக்குக்கு இடமில்லாத வண்டி

2021 டிசம்பரில், குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப அரசுப் பேருந்தில் ஏறிய ஒரு முதிய பெண், மீன் நாற்றம் வீசுகிறது என்று இறக்கிவிடப்பட்டார். அவர் அங்கேயே நின்று நியாயம் கேட்ட காணொளி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. முதல்வர் கண்டித்தார். ஓட்டுநர், நடத்துநர், நேரக் காப்பாளர் மூவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். செய்தி அத்தோடு முடிந்தது. யாருடைய உழைப்பின் நாற்றத்துக்கு இந்த ஊர் வண்டியில் இடம் உண்டு, யாருடையதுக்கு இல்லை என்ற கேள்வி மட்டும் முடியவில்லை.

அதே கேள்வியை இன்னொரு வண்டியிடமும் கேட்க வேண்டும். குப்பை அள்ளத் தள்ளுவண்டிக்குப் பதில் பேட்டரி வண்டி வந்துவிட்டது, இனித் தூய்மைப் பணியாளர்களுக்கு என்ன குறை என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஊருக்கு ஊர் கொடியசைத்துத் தொடங்கிவைக்கும் படம் வருகிறது. அந்த வண்டிகளில் ஒன்றின் பக்கத்தில் ஒரு நாள் காலை நின்று பாருங்கள். ஹேண்டிலில் ஒரு துணிப்பை தொங்கும். அதற்குள் சாப்பாட்டுத் தூக்கும் தண்ணீர் பாட்டிலும் இருக்கும். ஒரு முழம் தள்ளிக் குப்பை. ஈரக் குப்பைக்கு ஒரு பெட்டி, உலர் குப்பைக்கு ஒரு பெட்டி என்று வடிவமைத்தவர் யோசித்திருக்கிறார். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பிரித்து வாங்கச் சொல்லியிருந்தன. வண்டியை ஓட்டுகிறவருக்கு மதியம் பசிக்கும் என்பது மட்டும் வரைபடத்தில் இல்லை.

குப்பைக்கு இடம் இருக்கிறது, சோற்றுக்கு இல்லை. இதைத் தொழில்நுட்பக் குறை என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. யார் உடம்பை அளவெடுத்து வண்டி செய்கிறார்கள், எந்தப் பட்டறையில் யார் கையால் செய்கிறார்கள், செய்த வண்டி யார் பெயரில் இருக்கிறது: இந்த மூன்றும் மாறாதவரை, பேட்டரி வைத்த வண்டியும் பழைய தள்ளுவண்டிதான். ஆகவே நான் முன்வைப்பது இது. மின்சாரத்தில் ஓடும் சரக்கு மிதிவண்டி ஒன்றின் ஃபிரேமை, குளச்சல் போன்ற ஊரிலேயே, ஒரு சாதாரண வெல்டிங் பட்டறையில், அதை ஓட்டப்போகிறவர் சொல்லும் அளவுக்கு நாமே செய்ய வேண்டும்.

வண்டி எப்போதும் சாதிப் பிரச்சினைதான்

குளச்சல் முதலில் திருவிதாங்கூரோடும், அதன் பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மண். இங்கிருந்து கடற்கரையோரமாக மேற்கே போனால் விழிஞ்சம், அதை அடுத்து வெங்ஙானூர். அங்கே பிறந்த அய்யன்காளி 1893இல் ஒரு வில்வண்டி வாங்கினார். புலையர் பொதுச்சாலையில் நடக்கவே கூடாது என்றிருந்த காலம். அவர் மாடு பூட்டி, தலைப்பாகை கட்டி, அந்தச் சாலையில் வண்டியோட்டிப் போனார். அடிதடி நடந்தது, வண்டி நிற்கவில்லை. சாதுஜன பரிபாலன சங்கம் 1907இல்தான் வருகிறது. சங்கத்துக்கு முன்னால் வந்தது வண்டி.

இதில் நாம் வழக்கமாகக் கவனிக்காத ஒன்று உண்டு. அவர் யாரிடமும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை. வண்டி அவருடையது. சாலைமீதான உரிமையும் வண்டிமீதான உடைமையும் அங்கே ஒன்றாகச் சேர்ந்தன. (பேருந்தில் ஏறும் உரிமையை விட்டுவிட்டுச் சொந்த வண்டி தேடுங்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். இரண்டும் வேண்டும்.)

எண்பது ஆண்டு கழித்து, 1973இல், கலைஞர் அரசு கைரிக்‌ஷாவை ஒழித்தது. மனிதனை மனிதன் இழுக்கும் கொடுமை போனது பெரிய காரியம். பதிலாகச் சைக்கிள் ரிக்‌ஷா வந்தது. தோளிலிருந்த பாரம் தொடைக்கு இறங்கியது. வண்டியின் வடிவம் மாறினாலும், அந்த வடிவத்தை முடிவு செய்யும் மேசையில் அதை இழுத்தவருக்கு நாற்காலி கிடைக்கவில்லை.

முட்டத்தில் நடந்தது

உழைப்பவருக்கு ஏற்ற வண்டியை உள்ளூர்ப் பட்டறையில் செய்வது கனவு என்று யாராவது சொன்னால், குளச்சலிலிருந்து கிழக்கே கொஞ்சத் தூரத்தில் இருக்கும் முட்டத்தைக் காட்டுங்கள். 1980களின் தொடக்கத்தில் கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் படகு கட்டும் தளத்தில், ஐரோப்பாவிலிருந்து வந்த பியர் ஜில்லே, உள்ளூர் ஆட்களோடும் மீனவர்களோடும் சேர்ந்து பிளைவுட் படகு கட்டிப் பார்த்தார். கட்டுமரத்துக்கு நல்ல மரம் கிடைப்பது அரிதாகிக்கொண்டிருந்த நேரம். துறைமுகத்தில் கட்டிவைக்கும் படகு இந்தக் கரைக்கு உதவாது. அலையை உடைத்துப் போக வேண்டும், திரும்பி வந்து மணலில் ஏற வேண்டும், ஆட்கள் கையால் இழுத்து வைக்க வேண்டும். இதெல்லாம் கடலுக்குப் போகிறவருக்குத்தான் தெரியும். செய்து, கடலில் விட்டு, குறை கேட்டு, திருத்தி என்று நடந்த அந்த முயற்சியைப் பற்றி ஜில்லே 1985இல் எழுதிய புத்தகத்துக்கு ‘சிறியது கடினமானது’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார். சிறியதே அழகு என்று அப்போது உலகம் பேசிக்கொண்டிருந்தது. செய்து பார்த்தவருக்குத்தான் கடினம் தெரியும்.

பிறகு அப்படிப்பட்ட படகுத் தளங்களைத் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்தியது. அதாவது வடிவமைப்பு, பட்டறை, உடைமை மூன்றும் மீனவர் சங்கங்களின் பக்கம் நகர்ந்தன. கடலுக்கு இது நடந்திருக்கிறது. அதே கரையின் தெருக்களைக் கூட்டுகிறவர்களுக்கு ஏன் நடக்கவில்லை? மீனவருக்கு ஊர் இருக்கிறது, பங்கு இருக்கிறது, சங்கம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் பட்டியல் சாதியினர், 2011 கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 4 விழுக்காடு. தேர்தல் கணக்குப் போடுகிறவர் கண்ணில் படாத எண். நம் கோரிக்கையை நாமே பொருளாகச் செய்து நிறுத்தினால்தான் பார்ப்பார்கள்.

ஃபிரேமை அளவெடுப்பது

சரக்கு மிதிவண்டி புதுச்சரக்கல்ல. டென்மார்க்கில் ‘லாங் ஜான்’ என்ற வகை நூறாண்டுப் பழக்கம். ஹேண்டிலுக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் தாழ்வான மேடை, அதில் சுமை. ஹேண்டில் திரும்பினால் அடியில் ஓடும் ஒரு கம்பி முன்சக்கரத்தைத் திருப்பும். கோபன்ஹேகனில், கைவிடப்பட்ட ராணுவ முகாமில் 1971இல் குடியேறிய கிறிஸ்டியானியா மக்கள், 1984இல் தங்கள் கொல்லுப்பட்டறையில் முன்பெட்டி வைத்த மூன்று சக்கர மிதிவண்டியைச் செய்யத் தொடங்கினார்கள். அங்கே கார் ஓட்ட அனுமதி இல்லை, தேவை அப்படி. இன்று அது ஐரோப்பிய நகரங்களில் நடுத்தரக் குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும் வண்டி.

நம் ஊரில் அதே ஃபிரேமை அப்படியே நகலெடுக்க முடியாது. இங்கே கேள்விகள் வேறு. வீட்டுக்கு வீடு நிற்க வேண்டும். இரண்டு சக்கர வண்டி என்றால் ஒவ்வொரு முறையும் ஸ்டாண்டு போட வேண்டும். மூன்று சக்கரம் என்றால் நிற்கும், ஆனால் திருப்பத்தில் வேகம் கூடினால் சாயும், கடற்கரைக் குடியிருப்பின் ஒடுங்கிய சந்தில் அகலம் இடிக்கும். தெரு கூட்டும் வேலையில் பெண்கள் அதிகம். சேலையும் அதன்மேல் கோட்டும் போட்டிருப்பார்கள். அவர்கள் ஓட்ட, குறுக்குக் குழாய் முழங்காலுக்குக் கீழே இறங்க வேண்டும், செயின் முழுக்க மூடியிருக்க வேண்டும். குறுக்குக் குழாயை இறக்கினால் ஃபிரேம் முறுக்கும். அதைத் தாங்கத் தடித்த கீழ்க்குழாயும் மூலைத்தகடும் வேண்டும். பெட்டியின் விளிம்பு இடுப்புக்கு மேலே போனால், ஒவ்வொரு வாளியையும் தோள்வரை தூக்கிக் கொட்ட வேண்டும். நாளொன்றுக்கு எத்தனை வீடு என்று கணக்குப் பாருங்கள். அந்த ஒரு சாண் உயரம் பத்தாண்டில் ஒரு தோளைக் கெடுத்துவிடும்.

மோட்டாரையும் கணக்குப் போட்டே வாங்க வேண்டும். வண்டி 45 கிலோ, ஓட்டுகிறவர் 55 கிலோ, சுமை 100 கிலோ, மொத்தம் 200 கிலோ என்று வைப்போம். 20 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும் ஏற்றத்தில் இதை ஏற்ற, சக்கரத்தின் தடையையும் சேர்த்து, ஏறத்தாழ 12 கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்கும் அளவு விசை இடைவிடாமல் வேண்டும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போனால் அது சுமார் 325 வாட். நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவர் நெடுநேரம் மிதித்துத் தரக்கூடியது 75 வாட் அளவு. மீதி 250 வாட்டை மோட்டார் தர வேண்டும். மோட்டார் இல்லாத வண்டியில் அந்த விசை முழுக்க யார் மணிக்கட்டிலும் இடுப்பிலும் இறங்குகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நின்று நின்று கிளம்பும் வேலைக்குப் பல்சக்கரம் வைத்த ஹப் மோட்டார்தான் ஏற்றது. 48 வோல்ட் 20 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் நிற்கும். மோட்டார் முழுவீச்சில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். சக்கரம் சிறியதாக, 20 அங்குலத்தில், தடித்த ஸ்போக்கோடு இருந்தால் சுமைக்கு வளையாது.

அடுத்த எதிரி உப்புக்காற்று. குளச்சலில் இரும்பு வைத்திருக்கிற எவருக்கும் இது தெரியும். வெளியே பெயின்ட் மின்னும்போதே குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். அதோடு குப்பைச் சாறும் வெல்டிங்மேல் சொட்டும். பெட்டிக்குத் தனி வடிகால், குழாய்களின் அடியில் நீர் வெளியேறத் துளை, வெல்டிங் முடிந்தபின் உள்ளேயும் துருத்தடுப்பு என்று முதலிலேயே திட்டமிட வேண்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பையே வாங்கிப் பற்றவைத்தால் வேலை எளிது என்று பட்டறையில் சொல்வார்கள். அந்தப் பூச்சு எரிந்து வரும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். பற்றவைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டே வெல்டிங் வைக்க வேண்டும். குப்பை அள்ளுபவரின் தோளைக் காக்க வெல்டரின் நுரையீரலைக் கொடுப்பது நமக்கு அழகல்ல.

கடைசியாகச் சாப்பாட்டுத் தூக்கு. சீட்டுக்கு அடியில், குப்பைக்கு எதிர்ப்பக்கம், மூடி போட்ட ஒரு சின்னப் பெட்டி. பக்கத்தில் குழாய் வைத்த ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன், கை கழுவ. செலவு அதிகமில்லை. ஆனால் இந்த இரண்டையும் வைத்த வரைபடம் வந்தால், வரைந்தவர் யாரை மனிதராக எண்ணியிருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

அறிவு யாரிடம் இருக்கிறது

கோபால் குரு 2002இல் சமூக அறிவியலைப் பற்றி ஒரு கேள்வி எழுப்பினார். கோட்பாடு எழுதுவது மேல்சாதியார், அதற்குத் தரவாக இருப்பது தலித்துகள் என்ற ஏற்பாடு எப்படி வந்தது என்று. பொறியியலிலும் அதே ஏற்பாடுதான். வரைபடம் ஒருவர், வலி ஒருவர். அஜந்தா சுப்பிரமணியன் முதலில் ஆய்வு செய்தது நம் கன்னியாகுமரிக் கடற்கரை மீனவர்களை. அந்த நூல் 2009இல் வந்தது. அடுத்து அவர் போனது சென்னை ஐ.ஐ.டி.க்கு, 2019இல் வந்த நூலில், காலனிய காலத்தில் தொழில்நுட்ப அறிவு கைவினைஞரின் கையிலிருந்து வகுப்பறைக்கு நகர்ந்ததையும், கையால் வேலை செய்யாத சாதிகள் ‘என்ஜினியர்’ ஆனதையும், கைவேலை செய்தவர்கள் கீழ்நிலைத் தொழிற்பயிற்சிக்குத் தள்ளப்பட்டதையும் காட்டினார். இரண்டு நூலையும் சேர்த்துப் படியுங்கள். கரையில் அறிவு இல்லாமல் இல்லை. அதற்குப் பட்டம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே பட்டறை முக்கியம். நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது. தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளை அங்கே வெல்டர், எலெக்ட்ரீசியன் பிரிவில் படித்துவிட்டு, அம்மாவின் வண்டிக்கு ஃபிரேம் அடிக்கிறான் அல்லது அடிக்கிறாள் என்றால், அங்கே இரண்டு சங்கிலி அறுகிறது.

இது சாதித் தொழிலுக்குப் பாலிஷ் போடுவதா?

தோழர்கள் சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். குப்பை வண்டியை வசதியாக்கினால், அந்தச் சாதியே அந்த வேலையைச் செய்யட்டும் என்பதற்கு நாமும் உடந்தையாகிவிட மாட்டோமா?

இங்கே இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மலத்தைக் கையால் அள்ளுவதும் பாதாளச் சாக்கடையில் ஆள் இறங்குவதும் ஒழிய வேண்டியவை. 2013 சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அதற்கு நல்ல வாளி, நல்ல உறை என்று பேசுவதே குற்றம். திடக்கழிவு சேகரிப்பு வேறு. எந்தச் சாதியும் இல்லாத ஊரிலும் குப்பை இருக்கும், அதை யாராவது எடுக்க வேண்டும். ஒழிய வேண்டியது, அந்த ‘யாராவது’ பிறப்பால் தீர்மானிக்கப்படுவது. அம்பேத்கர் 1936இல் வாதிட்டதும் இதுதான்: சாதி வேலைகளைப் பங்கிடுவதாக நடித்துக்கொண்டு மனிதர்களை அடுக்குகிறது.

அதனால் ஃபிரேமிலேயே ஒரு நிபந்தனை வைப்போம். பெட்டி கழற்றி மாட்டக் கூடியதாக இருக்க வேண்டும். நான்கு போல்ட்டைக் கழற்றினால் குப்பைப் பெட்டி இறங்கி, மீன் பெட்டியோ, தண்ணீர்க் கேன் தட்டோ, தேங்காய் மூட்டைக்கான மேடையோ ஏற வேண்டும். குப்பை வண்டி என்று பிறந்த வண்டி அதன் உரிமையாளரைக் குப்பையோடு கட்டிப்போடும். சரக்கு வண்டி என்று பிறந்தால், நாளைக்கு வேறு சரக்கு ஏற்றிக்கொண்டு போகலாம். தலையில் மீன்கூடை சுமக்கும் பெண்களும் இதே ஃபிரேமைக் கேட்பார்கள். கேட்கட்டும். நாற்றத்தைச் சொல்லி இறக்கிவிடப்படுகிறவர்கள் ஒரு பட்டறையில் சந்திப்பது நல்லது.

யார் பெயரில்?

2008 அக்டோபர் 2 அன்று டெல்லியில் ‘சோலெக்‌ஷா’ என்ற சூரியசக்தி ரிக்‌ஷாவைக் கொண்டாட்டமாக அறிமுகப்படுத்தினார்கள். துர்காபூரில் உள்ள மத்திய அரசின் ஆய்வகம் வடிவமைத்தது. இன்று வட இந்தியச் சாலைகளில் ஓடுவது அதுவல்ல. இறக்குமதிப் பாகங்களைச் சிறு பட்டறைகளில் கோத்துச் செய்த இ-ரிக்‌ஷாக்கள். அவை சாலையை நிரப்பி, 2014இல் டெல்லி உயர் நீதிமன்றம் தடைவிதித்து, ஓட்டுநர்கள் போராடி, அதன் பிறகுதான் விதி வந்தது. சரக்கு ஏற்றும் இ-கார்ட் 310 கிலோ வரை ஏற்றலாம், வேகம் 25 கி.மீ.யைத் தாண்டக் கூடாது என்று வகுத்தார்கள். ஆய்வகத்துக்கு முன்னால் பட்டறை ஓடியது. பட்டறையைத் துரத்திக்கொண்டு சட்டம் வந்தது.

நாம் பேசும் வண்டி அதைவிடச் சிறியது. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கி.மீ.க்குள் இருந்தால், மத்திய மோட்டார் வாகன விதிகள் அதை மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம். உரிமம் எடுக்க வாய்ப்பே கிடைக்காத அக்காக்களுக்கு இது பெரிய வாசல். ஆனால் அந்த விலக்கைப் பெற, விதி 126இல் குறிப்பிட்ட சோதனை நிறுவனம் ஒன்று வண்டியைப் பார்த்துச் சான்று தர வேண்டும். புனேயில் இருப்பது போன்ற நிறுவனம். குளச்சல் பட்டறைக்காரர் தனியாக அந்த வாசலைத் தட்ட முடியாது. இங்கேதான் அரசிடம் நம் கோரிக்கை: ஒரு நல்ல வரைபடத்துக்குச் சோதனைச் செலவைத் தாட்கோ ஏற்கட்டும், அந்த வரைபடம் எல்லாப் பட்டறைக்கும் இலவசமாகக் கிடைக்கட்டும். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் இருக்கின்றன. அது பெட்ரோல் பங்குக்கும் லாரிக்கும் மட்டுமான திட்டமல்ல. பட்டறை வைக்கும் பெண்கள் குழுவும் கேட்கலாம்.

வண்டி ஒப்பந்த நிறுவனத்தின் பெயரில் இருந்தால், ஒப்பந்தம் முடியும் நாளில் வண்டியும் போகும், வேலையும் போகும். 2025 ஆகஸ்டில், மண்டலங்களைத் தனியாரிடம் விட்டதை எதிர்த்துச் சென்னை ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்கள் கேட்டது பணிப் பாதுகாப்பு. அவர்களை நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்கள். சொந்த வண்டி நிரந்தர வேலைக்கு மாற்றல்ல. ‘வண்டிதான் கொடுத்தோமே, நீ இனி சுயதொழில்காரர்’ என்று சொல்லி நகராட்சி கைகழுவ நாம் வழிவிடக் கூடாது. நிரந்தர வேலை, நியாயமான கூலி, அதற்கு மேலே வண்டியின்மீது உரிமை. வரிசை இதுதான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்பும் இடத்துக்கு ஓர் அளவு டேப்போடு போங்கள், கேள்வித்தாள் வேண்டாம். “அக்கா, எங்கே வலிக்குது? எது எட்டலை?” என்று கேளுங்கள். ஹேண்டில் உயரம், பெட்டி உயரம், சந்தின் அகலம், சாப்பாட்டுப் பை தொங்கும் இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் பெயரை மேலே எழுதி, அவர் அனுமதியோடு, வடிவமைப்பாளர் என்று போடுங்கள். பிறகு பக்கத்து வெல்டிங் பட்டறைக்குப் போய், அந்தத் தாளை மேசைமேல் வைத்து விலை கேளுங்கள்.

ஜெய்பீம்.